விழும் இடம்



ஆண்டின் முதற்பகுதியில், காலபோக அறுவடை நடக்கும் நாட்களை ஒட்டி, வன்னிப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் களைகட்டும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவின் உட்கிராமம் ஒன்றிலோ மாலை வேளையில் மைதான வேலியோரமாக நீங்கள் நடந்து போயிருப்பீர்கள். சுண்ணாம்புக் கோடுகள், இல்லங்களின் நிறக்கொடிகள், கரகரக்கும் ஒலிபெருக்கி. எல்லோருடைய கண்ணும் ஓட்டப் போட்டியின் மீதே இருக்கும். மைதானத்தின் ஒரு மூலையில், வேப்பமர நிழலில், இரண்டு கம்பங்களும் ஒரு குறுக்குத்தடியும் மணற்கிடங்கும் இருக்க, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உயரம் பாய்ந்துகொண்டிருப்பார்கள். அங்கே கூட்டம் குறைவு. நாற்காலி போட்டுப் பிரதம விருந்தினரை அங்கே யாரும் இருத்துவதில்லை.

அந்த மூலையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள் என்பதே எனது வேண்டுகோள். ஏனைய போட்டிகளில் காணாத ஒன்றை அங்கே காண்பீர்கள். ஓட்டத்தில் முதல் வந்தவன் வெற்றியோடு நிற்கிறான். குண்டெறிதலில் அதிக தூரம் எறிந்தவனும் அப்படியே. உயரம் பாய்தலிலோ வெற்றி பெற்றவனும் பெரும்பாலும் தோல்வியோடுதான் முடிக்கிறான். மற்றவர்கள் எல்லோரும் விலகிய பின் அவன் தனியே நிற்கிறான். தடியை இன்னும் உயர்த்துகிறார்கள். ஒருமுறை தட்டுகிறான், இரண்டாம் முறை தட்டுகிறான், மூன்றாம் முறையும் தடி விழுகிறது. அதன் பிறகே அவன் முதலிடம் பெற்றதாக அறிவிக்கிறார்கள். ஒலிம்பிக் வீரனுக்கும் இதே கதிதான், நமது ஆறாந்தரப் பிள்ளைக்கும் இதே கதிதான்.

பரிசளிப்பு விழாக்களில் பேசுவோர் இதை எடுத்து, தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்று ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகளின் தலையில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். நானும் அப்படிப் பேசியவன்தான், வெட்கத்தோடு சொல்கிறேன். தடி விழுந்தால் விழுந்ததுதான். அதற்கு வர்ணம் பூசுவதால் பிள்ளைக்கு ஆவது ஒன்றுமில்லை. நான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புவது வேறொன்று. பாய்கிற ஒவ்வொருவனும் விழத்தான் வேண்டும் என்றால், அவன் எங்கே விழுகிறான்?

முதலில் தடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இவ்வுலகில் நேர்மையான நடுவர் ஒருவர் உண்டென்றால் அது உயரம் பாய்தலின் குறுக்குத்தடிதான். நீ யாருடைய மகன், எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மொழி என்று அது கேட்பதில்லை. நடுவர் தமது ஊர்ப் பையனுக்குச் சலுகை காட்ட விரும்பினாலும் தடி ஒத்துழையாது. ஒற்றைக் காலில் எழும்ப வேண்டும், தடியைத் தாண்ட வேண்டும், தடி நிற்க வேண்டும். அவ்வளவே சட்டம்.

இந்த நேர்மையைச் சோதித்துப் பார்த்த தமிழர் ஒருவரை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1934ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர், அதாவது ஆறடி எட்டங்குலம் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் பெற்றார்.

1958 என்றதும் மூத்த வாசகர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். டோக்கியோ விழா மே 24 முதல் ஜூன் 1 வரை நடந்தது. அதே நாட்களில்தான் இந்நாட்டில் தமிழர்மீது வன்செயல் கட்டவிழ்த்து விடப்பட்டிருந்தது. மே 27இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. கொழும்பில் அகதிகளாய் நின்ற தமிழர்கள் கப்பலேற்றப்பட்டு வடக்கே அனுப்பப்பட்டார்கள். நாட்டுக்காக ஒரு தமிழ் இளைஞர் டோக்கியோவில் போட்டியிட்ட நாட்களில், அதே நாட்டில் அவருடைய இனத்தார் உயிருக்கு அஞ்சி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிகழ்ச்சியை வைத்து இரு சாராரும் வழக்காடக் கேட்டிருக்கிறேன். பாருங்கள், ஒரு தமிழர் நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தார், இங்கே பாகுபாடு ஏது என்பார் ஒருவர். தன் மக்களை அடித்த நாட்டுக்காக அவர் ஏன் பாய்ந்தார் என்பார் மற்றவர். இருவருமே அந்த மனிதரை ஏணியாக்கித் தங்கள் கருத்தின் உச்சிக்கு ஏறப் பார்க்கிறார்கள் என்பதே என் எண்ணம். தடியின் முன் நிற்கிறவனுக்கு அந்தக் கணத்தில் நாடும் இல்லை, வழக்கும் இல்லை. எட்டோ பத்தோ அடிகள் ஓடிவரும் பாதையும் ஓர் உயரமும்தான் உண்டு. ஆனால் அவன் விழுந்து எழுந்தபின் எங்கே திரும்பிப் போகிறான் என்பது வேறு கேள்வி. டோக்கியோவின் தடி எதிர்வீரசிங்கத்துக்கு நீதி செய்தது. அவர் திரும்பி வரவேண்டிய மண் அந்த மே மாதத்தில் அவருடைய மக்களுக்கு நீதி செய்யவில்லை. உயரம் ஒருவருக்கு நேர்மையாக இருக்கும்போதே நிலம் நேர்மையற்றதாக இருக்கக்கூடும் என்பதை முதன்முதலில் எனக்குக் காட்டியது அந்த ஆண்டுதான்.

அவருடைய வாழ்வில் இன்னொன்றையும் நம் பெற்றோர் கவனிக்க வேண்டும். பாயத் தெரிந்ததால் அவர் படிப்பைக் கைவிடவில்லை. லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார், ஆபிரிக்காவில் கற்பித்தார், பின்னாளில் வடபகுதியின் கல்விக்காகவும் விளையாட்டுக்காகவும் உழைத்தார். 2024 ஏப்ரலில் காலமானார். விளையாடினால் பிள்ளை கெட்டுவிடும், சாதாரண தரப் பரீட்சை முடியட்டும், பிறகு உயர் தரம் முடியட்டும் என்று பின்னேரங்கள் முழுவதையும் ரியூசனுக்கு எழுதிக் கொடுத்துவிட்ட நமக்கு இந்த வாழ்க்கை கொஞ்சம் சங்கடமானது.

மாணவனும் வீரனும் ஒருவனாகவே இருக்கலாம் என்ற நம்பிக்கையில் எழுந்ததுதான் சர்வதேசப் பல்கலைக்கழக விளையாட்டு விழா. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கும் மேற்கும் பிரிந்து, மாணவர் விழாக்களையும் வெவ்வேறாக நடத்திக்கொண்டிருந்தன. 1959இல் இத்தாலியின் தூரின் நகரில் இரு தரப்பு மாணவரும் ஒன்றாகக் கூடினர். வென்றவருக்குப் பதக்கம் அணிவிக்கும்போது நாட்டின் தேசிய கீதத்தை இசைப்பதற்குப் பதிலாக, ‘கௌதெயாமுஸ்’ என்ற பழைய இலத்தீன் மாணவர் பாடலை எல்லோருக்கும் பொதுவாக இசைப்பது என்று முடிவு செய்தார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. நமது திருச்சபையின் பழைய மொழி அங்கே, எவருடைய தாய்மொழியும் அல்லாததால், எல்லோருக்கும் உரியதாயிற்று.

இரண்டாண்டுகள் கழித்து 1961 ஓகஸ்ட் மாத இறுதியில் பல்கேரியாவின் சோபியா நகரில் அவ்விழா கூடியது. அதே மாதம் 13ஆந் திகதிதான் பேர்ளினில் மதில் எழும்பத் தொடங்கியிருந்தது. ஒரு நகரத்தை இரண்டாக வெட்டி மனிதர் தாண்ட முடியாதபடி தடுப்பு எழுப்பிக்கொண்டிருந்த அந்த மாதத்தின் 31ஆந் திகதி, சோவியத் மாணவரான வலேரி புருமெல் சோபியாவில் 2.25 மீற்றர் பாய்ந்து உலக சாதனை நிலைநாட்டினார். அவருடைய பெரும் போட்டியாளர் அமெரிக்காவின் பொஸ்ரன் பல்கலைக்கழக மாணவர் ஜோன் தோமஸ். முந்திய ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கில் தோமஸ் தங்கம் வெல்வார் என்று அவருடைய நாடே காத்திருக்க, அவருக்குக் கிடைத்தது வெண்கலம். சொந்த நாட்டுப் பத்திரிகைகள் அவரைத் தூற்றின. அவருடைய நண்பராக நின்றவரோ எதிரி நாட்டுப் புருமெல். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இருவரும் 2.18 மீற்றர் என்ற ஒரே உயரத்தைத் தாண்டினர். தட்டிய முறைகளின் கணக்கில் புருமெல் தங்கம் பெற்றார்.

இதையெல்லாம் மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. பல்கலைக்கழக விழா என்றாலும் அரசுகள் அதையும் தங்கள் வல்லமைக்கு விளம்பரமாகவே பயன்படுத்தின. மாணவன் என்ற பெயரில் நாள்முழுதும் பயிற்சி செய்தவர்களும் இருந்தார்கள். ஆயினும் பாட்டை மாற்றியது சிறிய காரியம் அல்ல.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அதே பல்கலைக்கழக விழாவில் இன்னுமொரு முறை உயரம் பாய்தலின் உலக சாதனை வீழ்ந்தது. 1985 செப்ரெம்பரில் ஜப்பானின் கோபே நகரில், கிர்கிஸ் நாட்டைச் சேர்ந்த இகோர் பக்லின் 2.41 மீற்றர் பாய்ந்தார். சோபியாவுக்கும் கோபேக்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள். பதினாறு சதமமீற்றர் வேறுபாடு. மனிதன் அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் அவ்வளவு வலிமை பெற்றுவிட்டானா? பயிற்சியும் உணவும் ஒரு பங்கு. மற்றொரு பெரும் பங்கு, அவன் விழுந்த இடம் மாறியது.

முன்னைய நாட்களில் உயரம் பாய்கிறவர்கள் மணலிலோ மரத்தூளிலோ விழுந்தார்கள். ஆகவே கால்களால் இறங்க வேண்டும். அல்லது கையையும் காலையும் ஊன்றி இறங்க வேண்டும். கத்தரிக்கோல் போலக் காலை மாற்றி மாற்றி வீசிப் பாயும் முறையும், வயிற்றுப்புறம் தடியை நோக்கக் கவிழ்ந்து தாண்டும் முறையும் அதனால் வந்தவை. புருமெல் பாய்ந்தது இந்த இரண்டாவது முறையில்தான். 1960களில் அமெரிக்கப் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தடிக்கு அப்பால் பஞ்சுபோன்ற தடித்த மெத்தைகளைப் போடத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் ஒரிகன் மாநிலத்தில் டிக் பொஸ்பரி என்றொரு மாணவர் இருந்தார். வழக்கமான முறை அவருக்குக் கைவரவில்லை. அவர் மெல்ல மெல்ல ஒரு புதுமுறையைக் கண்டார். வளைந்து ஓடிவந்து, தடிக்கு முதுகைக் காட்டி, தலையை முதலில் அனுப்பி, மல்லாந்து தாண்டி, தோளிலும் முதுகிலும் விழுவது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எந்திரவியல் படித்துக்கொண்டிருந்த அந்த மாணவர் 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 2.24 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். சிரிப்பு நின்றது. இன்று உலக அரங்கில் அவருடைய முறையே முறை. 1993இல் கியூபாவின் சொற்றொமயோர் பாய்ந்த 2.45 மீற்றரும் அப்படிப் பாய்ந்ததுதான்.

பொஸ்பரியின் துணிவை எல்லோரும் புகழ்கிறார்கள். புகழட்டும். ஆனால் அவருடைய முதுகுக்குக் கீழே மெத்தை இருந்திராவிட்டால் அந்தத் துணிவு கழுத்தெலும்பு முறிவில் முடிந்திருக்கும் என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணத்தில் மணலில் விழுந்து பழகிய காலத்தில் அமெரிக்கனும் ரஷ்யனும் மணலிலும் மரத்தூளிலும்தான் விழுந்தார்கள். தடி எல்லோருக்கும் சமம். விழும் இடமும் ஏறக்குறைய சமம். அதனாலேயே ஒரு தீவின் பாடசாலைப் பையன் பதினேழு வயதில் உலக அரங்கில் போய் நிற்க முடிந்தது. மெத்தை வந்தபின் தடி மாத்திரம் சமமாயிற்று. விழும் இடம் சமமற்றதாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் வன்னிப் பாடசாலை ஒன்றில் உயரம் பாய்தலுக்குப் பதிவாளனாக என்னை இருத்தியிருந்தார்கள். பத்தாந்தரப் பையன் ஒருவன், மெலிந்த நெடிய தேகம், தடியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் தடிக்கும் அவனுக்கும் இடையில் ஒரு சாண் வெளி தெரியும். பெயர் கூப்பிடும்போது விளையாட்டு ஆசிரியரிடம் வந்து மெல்லக் கேட்டான்: “சேர், நான் மல்லாக்கப் பாயட்டோ?”

“வேண்டாம் தம்பி. இந்த மணலிலை விழுந்தால் கழுத்து முறிஞ்சிடும். கத்தரிக்கோல் போதும்.”

“வலயத்திலை எல்லாரும் அப்பிடித்தானே சேர் பாயினம்.”

ஆசிரியர் பதில் சொல்லவில்லை. பையன் கத்தரிக்கோல் முறையிலேயே பாய்ந்தான். இல்லத்துக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தான். வலய மட்டத்தில் மெத்தையில் பழகிய நகரப் பிள்ளைகளோடு நின்றபோது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தான் என்று அறிந்தேன். அங்கே மெத்தை இருந்தது. ஆனால் போட்டி நாளன்று முதன்முதலாக மெத்தையைக் காண்கிற பிள்ளை அதன்மேல் என்ன செய்வான்?

ஆசிரியர்மீது எனக்குக் குறையில்லை. அவர் செய்ததே சரி. நம் ஆண்டவரைச் சாத்தான் தேவாலயத்தின் உச்சிக்குக் கூட்டிச் சென்று, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று தூண்டிய நிகழ்ச்சியை நற்செய்தியில் வாசிக்கிறோம். ஆண்டவர் குதிக்கவில்லை. விழும் இடத்தை ஆயத்தம் செய்யாமல், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று பிள்ளையைப் பாயச் சொல்வது விசுவாசம் அல்ல, கடவுளைச் சோதிப்பது. பிள்ளையின் கழுத்தைக் காப்பாற்றிய அந்த ஆசிரியர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பகுதியைச் சரியாக விளங்கிக்கொண்டவர். நான் கேட்பது, தூதர்கள் வேலையை நாம் ஏன் இன்னும் செய்யவில்லை என்பதே.

இது விளையாட்டோடு நின்றுவிடும் விடயம் அல்ல என்பதை இதற்குள் உணர்ந்திருப்பீர்கள். வன்னியில் ஒவ்வொரு வீட்டிலும் பேசப்படும் ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட அடிப்படை வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலருக்கு அது கதவை மூடியது. வன்னிப் பிள்ளைகள் சிலருக்கு அதுவே கதவைத் திறந்தது. பின்னர் விகிதங்கள் மாறி, பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று நெடுங்காலமாக நடந்து வருகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை.

தடியைத் தாழ்த்துவது நீதியா? உயரம் பாய்தலில் எவருக்காகவும் தடியைத் தாழ்த்துவதில்லையே என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நல்ல கேள்வி. ஆனால் அவர்கள் தடியை மாத்திரமே பார்க்கிறார்கள். 2008இலும் 2009இலும் பெட்டிபடுக்கையோடு இடம்விட்டு இடம் ஓடி, பதுங்குகுழியிலும் முகாமிலும் பாடப்புத்தகமின்றி இருந்த பிள்ளையும், அதே ஆண்டுகளில் நகரத்தில் மூன்று ரியூசன் வகுப்புக்குப் போன பிள்ளையும் ஒரே வினாத்தாளை எழுதியபோது, தடி சமமாக இருந்தது என்பதால் போட்டி சமமாக இருந்ததா? விழும் இடத்தைச் சமமாக்காதவர், தடியைத் தாழ்த்தக்கூடாது என்று சொல்லும் உரிமையைப் பெறவில்லை என்றே நான் கருதுகிறேன்.

மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. குறைந்த வெட்டுப்புள்ளியால் உள்ளே போன நம் பிள்ளை, முதலாம் ஆண்டில் ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையின் முன் வாயடைத்து நிற்கிறான். அவனைத் தாங்க அங்கே என்ன இருக்கிறது? தடியைத் தாழ்த்திவிட்டு அப்பால் கருங்கல்லை வைத்தது போன்ற காரியம் அது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் வந்துவிட்டன. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. நம் வாசலிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளை அங்கே முதலாம் ஆண்டில் தவறினால், படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், ஊர் அவனை எப்படிப் பார்க்கிறது? கொழும்பில் ஒரு பிள்ளை தவறினால் தகப்பன் வேறொரு படிப்புக்குப் பணம் கட்டுவார். அது அவனுடைய மெத்தை. இங்கே தவறியவன் ஒரேயடியாகத் தரையில் கிடக்கிறான். ஆகவேதான் நம் பெற்றோர் பிள்ளைகளைப் பாயவே விடப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் குறைசொல்லமாட்டேன். அது மணலை நன்கு அறிந்தவர்களின் பயம்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதும்போது விளையாட்டு வீரனை உதாரணம் காட்டுகிறார். கொரிந்து நகருக்கு அருகே இஸ்த்மியா விளையாட்டுகள் நடந்த காலம் அது. வென்றவனுக்கு ஊசியிலையாலோ காட்டுக் கீரையாலோ முடி சூட்டினார்கள். சில நாளில் வாடிப்போகும் முடி. வாடாத முடிக்காக நாம் ஓடுவோம் என்கிறார் அப்போஸ்தலர். இந்தப் பகுதியை நாம் அநேகமாக ஒருவனுடைய தனி முயற்சிக்குப் பாடமாகவே எடுக்கிறோம். ஆனால் அதே நிருபத்தில் சில அதிகாரங்கள் தள்ளி, ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் துன்புறும் என்று உடலைப் பற்றி எழுதியவரும் அவரே. ஓடுகிறவன் தனியன், விழுகிறவன் தனியனல்லன் என்று இரண்டையும் சேர்த்து வாசித்தால் என்ன? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை என்ற ஏட்டில், விளையாட்டு மனதுக்குச் சமநிலை தரும், நாடு, இனம், நிலை கடந்து மனிதரிடையே சகோதர உறவை வளர்க்கும் என்ற கருத்தைச் சேர்த்திருக்கிறது. சங்கத் தந்தையர் இதைப் பொழுதுபோக்காக எழுதி வைக்கவில்லை.

நம் மண்ணில் இன்னொரு கூட்டத்தை மறந்துவிட்டு நான் உயரம் பாய்தலைப் பற்றி எழுத முடியாது. போரில் காலை இழந்தவர்கள் வன்னியில் எத்தனை பேர் என்பதை நீங்கள் உங்கள் பங்கிலேயே எண்ணிப் பார்க்கலாம். முன்னே சொன்ன புருமெல், 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது கால் நொறுங்கிப்போனவர். சத்திரசிகிச்சை மேல் சத்திரசிகிச்சையாக ஆண்டுகள் கழிந்தன. கடைசியில் குர்கான் நகரில் மருத்துவர் இலிசாரொவ் வளையங்களும் கம்பிகளும் கொண்ட தமது கருவியால் அந்தக் காலை நிமிர்த்தினார். புருமெல் மீண்டும் தடியின் முன் வந்து நின்று இரண்டு மீற்றருக்கு மேல் பாய்ந்தார். பழைய உயரம் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று யார் சொன்னது?

நமக்கு இன்னும் நெருங்கியவர் தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தது. தாய் மரக்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். அந்த மாரியப்பன் 2016இல் ரியோ பராலிம்பிக்கில் 1.89 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். அடுத்த டோக்கியோ பராலிம்பிக்கில் வெள்ளி, 2024இல் பரிஸ் நகரில் வெண்கலம். இவரை ஒரு விளையாட்டு ஆசிரியர் மைதானத்துக்கு அழைத்துச் சென்றார், பயிற்றுநர் ஒருவர் கைப்பிடித்தார் என்பதெல்லாம் சாதாரணச் செய்திகளாகப் பத்திரிகையில் வரும். எனக்கோ அவைதான் தலைப்புச் செய்தி. நமது பாடசாலை ஒன்றில் செயற்கைக் காலோடு இருக்கும் ஒரு பிள்ளையை விளையாட்டுப் போட்டியன்று நாம் எங்கே இருத்துகிறோம்? கூடாரத்துக்குள், புள்ளிப் பலகைக்குப் பக்கத்தில். கருணையோடுதான். ஆனால் உயரம் பாயும் மூலைக்கு வா என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை.

முறையான மெத்தை ஒன்றின் விலை பல இலட்சம் ரூபா. ஒவ்வொரு கிராமப் பாடசாலையும் அதை வாங்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அயலிலுள்ள ஐந்தாறு பாடசாலைகள் சேர்ந்து ஒன்றை வாங்கி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி மாறிமாறிப் பயன்படுத்தலாம். பழைய மாணவர் சங்கங்கள் பல வெளிநாட்டிலும் இருக்கின்றன. நுழைவாயில் வளைவுக்கும் மேடைக்கும் பெயர் பொறித்துப் பணம் அனுப்புகிறவர்கள் மெத்தைக்கும் அனுப்புவார்கள். பெயர் பொறிக்க மெத்தையில் வசதி குறைவு என்பதே தடை என்றால் அதற்கும் வழி காணலாம். அதுவரை மணற்கிடங்கையாவது கவனிக்கலாமே. மழைக்குப் பின் இறுகிக் கிடக்கும் மணலை ஆழக் கிண்டி, கல்லும் கண்ணாடித் துண்டும் பொறுக்கி, புது மணல் கொட்டி, தரைமட்டத்துக்கு மேலாக உயர்த்தி விடுவதற்கு இலட்சம் தேவையில்லை. மல்லாந்து பாய அது போதாது. கால்களால் இறங்குகிற பிள்ளைக்குப் போதும்.

நான் பதிவாளனாக இருந்த அந்தப் பாடசாலைக்கு மறு ஆண்டும் போனேன். அறுவடை முடிந்த நாட்கள். பெற்றோர் சிலர் உரப்பைகளில் வைக்கோல் அடைத்துக் கொண்டுவந்து மணற்கிடங்கைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். மாணவர்கள் மணலைச் சல்லடையிட்டு அரித்துப் போட்டிருந்தார்கள். விளையாட்டு ஆசிரியர்தான் எல்லோரையும் இறக்கி வேலை வாங்கியிருக்கிறார். கிடங்கின் அருகில் நின்று அந்த நெடிய பையன் எங்கே என்று கேட்டேன்.

“அவன் போன வருசமே விட்டிட்டான். மாமனோடை மேசன் வேலைக்குப் போறான்” என்றார். பிறகு காலால் மணலைத் தட்டிப் பார்த்து, இன்னும் இரண்டு பெட்டி மணல் வேணும் என்றார்.